ஞானதாசன் சாருக்கு நாம் கொண்டுபோன முட்டைகள்

மேடையிலிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, போதகர் அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் புதுக்கடை ஊர் வியாபாரிகளே, முன்வரிசையில் இருக்கும், ஞானதாசன் சாரின் மனைவி லீலாபாய் மைனி அவர்களே, வணக்கம்.

விலங்கியல் ஆசிரியர் ஞானதாசன் என் பெரியப்பா மகன். ஒரே பள்ளியில்தான் வேலை பார்த்தோம். ஆனால் பல வருடமாகப் பேச்சில்லை. அவருடைய இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை ஏன் பேச அழைத்தார்கள்? எனக்குப் புரியவில்லை.

ஞானதாசன் சாரின் இரத்தத்தில் 'புரதம் சி' குறைவு. காயம்பட்டால் இரத்தம் உறையும்; உறைந்தது போதும் என்று தடுப்பது அந்தப் புரதம். அது குறைந்தால் காயமில்லாமலே காலின் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறையும்; அந்தக் கால் வீங்கும். அந்தக் கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைக்கும். எத்தனை முறை சொன்னார்! ஆலய வாசலில் சொன்னார், மீன் சந்தையில் சொன்னார். நாம் என்ன செய்தோம்? புரதக் குறைவு என்றதும் முட்டை கொண்டுபோனோம்! கடியப்பட்டணத்திலிருந்து சூரை மீன் கொண்டுபோனோம்! அவர் சிரித்தார். என்னிடம் சொன்னார்:

"லே, இது கோழி தந்து தீருத கொறவு இல்ல. எங்க அப்பாக்க ரெத்தத்துல வந்தது. ஒனக்கும் இருக்கும், போய்ப் பாரு."

இதைத்தான் என் மகள் பிரீனாவின் நிச்சயத்தன்றும் சபை நடுவே சொன்னார்: "மக்கா, பிள்ளைக்க ரெத்தத்த ஒண்ணு பாத்திருங்க. பிரசவத்துல கஷ்டப்படப்பிடாது."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "கொறவுள்ள ரெத்தம் எங்க வீட்டுக்கு வேண்டாம்!" அந்தச் சம்பந்தம் முறிந்தது.

அதைச் சொல்ல அதுவா இடம்? கேட்டேன். "தனியாச் சொன்னா நீ கேப்பியாலே?" என்றார். எங்களுக்குள் அதுதான் கடைசிப் பேச்சு. நான் மன்னிக்கவில்லை. இன்றும் மன்னிக்கவில்லை.

கடைசியில் அவர் கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் முருங்கைக்கீரை சூப் கொடுத்தார்கள். திடீரென்று கீரை கூடினால் உறைவைத் தடுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று மைனி கெஞ்சினார்கள். யார் கேட்டோம்? கட்டி நுரையீரலை அடைத்தது. அவரைக் கொன்றது கீரையா, அசையாமல் கிடந்ததா, பிறவிக் குறைவா? மருத்துவரிடம் கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். அப்படியானால் நான் யாரிடம் கோபப்படுவது?

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லச் சொன்னார்கள். தொடர என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே மைனியின் பக்கத்தில் பார்க்கிறேன். பிரீனா, ஐந்து மாதக் கர்ப்பிணி, செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறாள். இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

பிறகு அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் மாமனாரும் மாமியாரும் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள்; அவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை. இருக்கட்டும். அவர்கள் முன்னால்தான் சொல்கிறேன். எங்கள் குடும்ப இரத்தத்தில் அந்தக் குறைவு உண்டு.

பிரீனா, எழும்பு மக்கா. ஆசுபத்திரிக்குப் போவோம். காலக் காட்டுவோம், ரெத்தத்தயும் ஒண்ணு பாத்திருவோம்.