இரண்டு சென்டிமீட்டர்: அளவம்மாவுக்கு அளவுப் பிரிவினர் அளிக்கும் மடல்

அலை மோதும் துறையிலே அளவுப்பலகை ஏந்திய அம்மையே! சின்னஞ்சிறு சுறாக்களின் சுகம் விசாரித்தே முப்பத்தொரு ஆண்டு சுழன்ற செம்மையே! கணக்கில் கறாரும், கனிவில் தாராளமும், கைப்பையில் எந்நேரமும் ஓர் அளவு நாடாவும் குறையாத எங்கள் மூத்த மதிப்பீட்டு அலுவலர் அவர்களே! இறங்குதுறையில் படகுக்காரர்கள் 'அளவம்மா' என்று வாய் நிறைய அழைக்கவும், அலுவலகத்தில் நாங்கள் 'மேடம்' என்று பணிவுடன் அழைக்கவும், தாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் 'இன்னொருதடவை' என்று பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கவும் இடம் கொடுத்த இனியவரே! வணக்கம், வணக்கம், தாங்கள் விரும்பும் முறைப்படி இன்னொரு தடவையும் வணக்கம்!

இம்மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, களஉதவியாளன் தலையில் கட்டப்பட்டது. அலுவலகத்தில் எது ஆடினாலும் கழற்றி மாட்டுகிறவன் என்பதால் தாங்களே 'திருப்புளி' என்று பெயர் சூட்டிய அதே ஆள்தான். ஆனாலும் இதில் பேசுவது பிரிவினர் பதினொரு பேரின் வாய்.

மேடையில் ஒரு மேசை விரிப்போடு வெறுமையாக நிற்பதை அனைவரும் பார்க்கிறீர்கள். கரையோரச் சிறு சுறாக்களின் நலம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை, மேடத்தின் பெயர் தாங்கி வரவிருந்த முதல் முழு அறிக்கை, இன்று அதன் மேல்தான் வெளியாகியிருக்க வேண்டும். அச்சான முந்நூறு பிரதிகளும் கட்டுப் பிரிக்காமல் கிடங்கில் கிடக்கின்றன. ஏன் என்று இங்குள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்; மீதிப் பேர் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விருந்தினருக்கு முன்னால் இதையெல்லாம் சொல்லலாமா என்று மடல் குழுவில் அரைமணி நேரம் அடித்துக்கொண்டோம். சொல்லாமல் விட்டால் மேடத்தைப் பாராட்ட வேறு நல்ல காரணம் கிடைக்காது என்பதால் பளிச்சென்று சொல்லிவிடுகிறோம்.

பண்பின் பெட்டகமே! கடலுக்கடியில் இருக்கும் கூட்டத்தை வரிசையில் நிற்க வைத்து எண்ண முடியாது. வலையில் வந்ததை அளந்துதான் வராததன் நலத்தை அறிய வேண்டும். பால்சுறா போன்ற சிறு சுறாக்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. வருடத்துக்கு நாலைந்து குட்டிதான் போடுகின்றன. எழுபது சென்டிமீட்டர் வளர்ந்தால்தான் பெண் சுறா தாயாகும் பருவம் எய்தும். ஆகவே பிடிபடும் பெண் சுறாக்களில் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியிருந்தால் நிம்மதி. குறைந்தால், குட்டி போடும் முன்பே அள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். இந்த எளிய உண்மைக்காகத் தாங்கள் ஈரத் தரையில் குத்துக்காலிட்டு அமர்ந்த காலைகள் எத்தனை! மூக்கை முட்ட வைத்து, வாலை நீட்டிவிட்டு, எண்ணை உரக்கச் சொல்லி, பக்கத்தில் எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை மீனைக் கையிலிருந்து விடாத பொறுமைதான் என்னே! எழுதுகிறவர் ஒரு கணம் தயங்கினாலும் போதும், "இன்னொரு தடவை" என்பீர்கள். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர், எங்களிடம் சொன்ன வாக்குமூலத்தை இங்கே பதிவு செய்கிறோம். "ஜன்னலுக்குத் திரை வாங்கணும்னா மூணு தடவை அளப்பா. நாலாவது தடவை என்னை அளக்கச் சொல்லிட்டு, நான் சொல்ற கணக்கை நம்ப மாட்டா." நாளையிலிருந்து முழுநேரமும் அவர் வீட்டில்தான் தாங்கள் இருக்கப் போகிறீர்கள். அவருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன் அறிக்கையின் முடிவு தயாரானது. பெண் சுறாக்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டு எழுபதைத் தாண்டியிருந்தன. இறங்குதுறைக்கு நேரில் போய், "பயப்படாதீங்க, சுறா நல்லா இருக்கு, இப்ப இருக்கிற வலைக்கண்ணே போதும்" என்று தாங்கள் சொன்னபோது படகுக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு பிரிவுபசார ஏற்பாடு தொடங்கியது. தாங்கள் முதல் நாளிலிருந்து பயன்படுத்திய பழைய அளவுப்பலகையை மெருகேற்றிப் பரிசளிப்பது என்று இரகசியமாகத் தீர்மானித்தோம். நான்கு ஆண்டுகளாக அது மாற்றுப் பலகையாகத்தான் இருந்தது. அன்றாட வேலைக்குப் புதுப் பலகை வந்துவிட்டது. பழையதன் எண்கள் அழிந்திருந்ததால், பார்த்து எழுதப் புதியதையும் சேர்த்துத் தச்சரிடம் கொடுத்தோம்.

மறுநாள் தச்சர் கேட்டார்: "ஏங்க, புதுப் பலகையில முதல் ரெண்டு எங்க போச்சு?"

மீனின் மூக்கு முட்டுவதற்குப் பலகையின் தலைப்பக்கம் ஒரு கட்டை உண்டு. பழைய பலகையில் அந்தக் கட்டை முடியும் இடத்தில் எண் தொடங்குகிறது. புதியதில் எண் பலகையின் விளிம்பிலேயே தொடங்கி, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஆக, மூக்கு முட்டும் இடமே இரண்டு! அறுபத்தெட்டு உள்ள சுறாவெல்லாம் நான்கு ஆண்டுகளாக எங்கள் பதிவேட்டில் எழுபது. அளக்கிறவர் எல்லோரும் வால் பக்கத்தில்தான் எண்ணைப் படிக்கிறோம். தலைப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். ஒரேயடியாக ஏறி அப்படியே நின்றதால், கடல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பின் நாங்கள் செய்ததை எழுதக் கை கூசுகிறது. இரண்டு நாள் தங்களிடம் மூச்சுவிடவில்லை. "விழா முடியட்டும், மேடம் சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். மற்ற பத்துப் பேரும் தலையாட்டினோம். மூன்று வாரத்தில் ஓய்வு பெறப் போகிறவருடைய வாழ்நாள் உழைப்பில் மண் அள்ளிப் போட யாருக்குத்தான் மனம் வரும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம்தான், மேடம்.

மூன்றாம் நாள், வழக்கமாக மாட்டியிருக்கும் ஆணியில் புதுப் பலகையைக் காணோம் என்று தாங்களே தேடிக்கொண்டு தச்சர் அறைக்குப் போனீர்கள். அவர் பாவம், வெள்ளந்தியாக எங்களிடம் கேட்டதையே தங்களிடமும் கேட்டுவிட்டார். குனிந்து கட்டையின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தீர்கள். "ரெண்டு" என்றீர்கள். பிறகு கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தனை மீன் அளந்திருக்கோம்?" என்பதுதான். யார் செய்தது என்று கேட்பீர்கள் என நினைத்து வாசலில் நின்றோம். தாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

நான்கு ஆண்டுகளில் பதினோராயிரத்து நானூறு சுறாக்கள். எது எந்தப் பலகை? இங்கேதான், கண்டிப்பின் கொழுந்தே, தங்கள் பிடிவாதம் எங்களைக் காப்பாற்றியது! பதிவேட்டின் கடைசியில் 'பலகை எண்' என்று ஒரு கட்டம் உண்டு. "எதுக்கு மேடம் இது, வேலையத்த வேலை" என்று நாங்கள் முணுமுணுக்காத நாளில்லை. அதை நிரப்பாத தாளைத் தாங்கள் வாங்கிய நாளும் இல்லை. அந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மாடியறையில், ஜன்னலோரத்தில் ஒன்பது வேலை நாட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தீர்கள். பிரியாவிடை விருந்துகள் மூன்றுக்கு வர மறுத்தீர்கள். பிரித்து, இரண்டைக் கழித்து, இன்னொரு தடவை பார்த்தபோது நூற்றுக்கு அறுபத்திரண்டு என்பது நாற்பத்தொன்றாக நின்றது. சுறா நலமாக இல்லை.

அறிக்கையை நிறுத்திவைக்கும் கடிதத்தில் தாங்களே கையெழுத்திட்டீர்கள். கணக்கை முதலிலிருந்து போட்டு முடிக்க எட்டு மாதமாகும். அது தங்கள் பெயரில் வராது. "விட்டுட்டுப் போங்க, வர்றவங்க திருத்திக்குவாங்க" என்று இயக்குநர் பெருந்தன்மையாகவே சொன்னார். "அதுவரைக்கும் படகுக்காரங்க என் பேச்சை நம்பிக்கிட்டு இருப்பாங்களே சார்" என்று சொல்லிவிட்டு இறங்குதுறைக்குக் கிளம்பினீர்கள்.

அங்கே படகுக்காரர் சங்கத் தலைவர் விட்டாரா? "நாலு மாசம் முன்னாடி நல்லா இருக்குன்னீங்க. இப்ப இல்லேங்கறீங்க. மீனு அதே மீனுதானேம்மா, உங்க வாய் மட்டும் எப்படி மாறுது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். தாங்கள் இரண்டு பலகைகளையும் தரையில் அருகருகே வைத்து, ஒரே சுறாவை இரண்டிலும் அளந்து காட்டினீர்கள். "தப்பு எங்க பேர்லதான். வலைக்கண்ணைப் பெருசாக்கினா உங்களுக்கு நஷ்டம்னு தெரியும். தெரிஞ்சே சொல்றேன்" என்றீர்கள். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை, பெரியதைப் பொறுக்கி எடுக்காத முழுக் கூடை ஒன்றைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் தொப்பென்று வைத்தார். "இதையாவது ஒழுங்கா அளங்க" என்றார். முப்பத்தொரு ஆண்டில் அவர் படகிலிருந்து பிரிக்காத கூடை வந்தது அதுதான் முதல் தடவை.

பரிசு விஷயத்திலும் தாங்கள் எங்களுக்கு வழிவிடவில்லை. மெருகேறிய பழைய பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சரியா இருக்கிற பலகை, இது இங்கதான் இருக்கணும். இனி எந்தப் பலகை வந்தாலும் இதோட வெச்சுப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே, கழிக்கப்பட்ட அந்தப் புதுப் பலகையைத் தச்சர் அறுத்துச் சட்டமாக்கித் தந்தார். இம்மடல் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

தன் பிழையைத் தானே அளந்த தகைமையே! தாங்கள் நோயற்ற உடலும் நொறுங்காத மனமும் பெற்று, நிறைந்த உறவும் நீண்ட ஆயுளும் கூடி, காலையில் அவசரமின்றி எழுந்து, மீன் வாடை இல்லாத கைப்பையோடு மகள் வீட்டுக்கும் பேரன் பள்ளிக்கும் போய்வந்து, நூறாண்டு காண வேண்டும். நூறா என்பதை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும்!

குழு படித்து ஒப்புக்கொண்ட மடல் இந்த வரியோடு முடிகிறது. கீழே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

மேடம், "பலகையைச் சரிபார்க்காதது என் தவறு" என்று ஒரே வரியில் இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தீர்கள். கட்டையை மாட்டியது யார் என்று யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். அப்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தீர்கள். தங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தங்கள் உத்தரவுகள் இன்று மாலை ஐந்து மணிவரைதான் செல்லும். இப்போது மணி ஐந்தே கால்.

கீழ்ச்சட்டத்தில் வரிசையாக நான்கு துளைகள் இருக்கும். அடைத்து மெழுகிவிடுகிறேன் என்றார் தச்சர், நான்தான் வேண்டாம் என்றேன். தலைக்கட்டையைப் பிடித்திருந்த அந்த நான்கு திருகாணிகளையும் முடுக்கியவன் நான்.

என்றும் தங்கள் அன்பில்,
அளவுப் பிரிவுப் பணியாளர்கள் பத்துப் பேர்,
தனியாக, திருப்புளி