காணும் எண்டு சொன்னால்

காணும் அண்ணை, காணும், போதும். ஏற்கெனவே ரண்டு ரோல்ஸ் திண்டிட்டன், மூண்டாவதையும் வைக்கிறியளே. வீட்டிலை சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான். இல்லை, புஷ்பமலர் அக்கா வேலையாலை களைச்சு வருவா, அவவுக்கு இருக்கட்டும். சரி, சரி, வையுங்கோ. நீங்கள் விடவா போறியள்.

கோட்டும் சேட்டும் எல்லாம் மினுக்கித் தொங்கவிட்டிருக்கிறியள். கூட்டத்துக்கோ? ஓம், ஆறு மணிக்குத்தான், நேரம் கிடக்கு. நான் இப்ப மண்டபத்திலை இருந்துதான் வாறன், கதிரையெல்லாம் போட்டாச்சு. உங்கை ரோட்டிலை பனி கரைஞ்சு, வழுக்காமல் இருக்கப் போட்ட சல்லிக்கல்லுத்தான் எல்லா இடமும், சப்பாத்தைப் பாருங்கோ. உங்கடை விறாந்தையையும் பழுதாக்கிப்போட்டன்.

இல்லை, அலுவல் எண்டு ஒண்டுமில்லை. சும்மா வந்தனான். சும்மா எண்டும் இல்லை. ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை, எங்கடை மாடிக் குடியிருப்புச் சங்கத்தின்ரை தெரிவுக் குழுவிலை இருக்கிற அந்த நொர்வேக்காரி பெரித் உங்களுக்குப் போன் எடுத்தவ எல்லோ, இந்த முறையும் தலைவரா நிக்கிறியளோ எண்டு கேட்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? சரியா எப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேக்கிறன்.

காணும் எண்டு. இவ்வளவு காலம் செய்தது காணும், இனி இளம் ஆக்கள் வரட்டும் எண்டு. அவவின்ரை நொர்ஸ்க் மொழியிலை அப்பிடியே சொன்னனீங்களோ? பிறகு? அவ நன்றி சொல்லிப்போட்டு வைச்சிட்டா. ம். நீங்கள் என்ன நினைச்சனீங்கள், திருப்பி எடுப்பா எண்டோ? எடுக்கேல்லைத்தானே. இண்டைக்குக் கூட்டத்திலை எல்லாருமா எழும்பி, யோகலிங்கம் இல்லாமல் ஏலாது எண்டு நிப்பினம் எண்டு நினைக்கிறியள். அதுக்குப் பேச்சும் ஆயத்தம் பண்ணி வைச்சிருப்பியள், எனக்குத் தெரியும். சிரிக்காதேங்கோ.

எங்கடை ஆக்கள் எண்டால் விளங்கியிருப்பினம் அண்ணை. பந்தியிலை இலைக்கு மேலை கையைப் பொத்திக்கொண்டு காணும் காணும் எண்டு சொன்னால், கையை விலத்திப்போட்டு வை எண்டுதானே அர்த்தம். கேட்ட உடனை ஓம் எண்டால் பதவிக்கு அலையுது எண்டு கதைப்பினம். இவை அப்பிடி இல்லை. இவையின்ரை மொழியிலை நெய் எண்டால் இல்லை, வேண்டாம். எங்களுக்கு நெய் எண்டால் இன்னும் ஒரு கரண்டி விடு. பகிடிதான், ஆனா நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

என்னை நீங்கள் நிர்வாகத்துக்குக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கோ? முதல் வரேக்கை, பிள்ளை சின்னன், ஏலாது எண்டனான். அடுத்த முறை, என்ரை நொர்ஸ்க் காணாது எண்டனான். மூண்டாந் தரமும் வந்து குசினிக் கதிரையிலை இருந்துகொண்டு, பிள்ளை, உன்ரை ஏலாதுக்குள்ளை ஒரு ஓம் கிடக்கு, அது எனக்குக் கேக்குது எண்டு சொன்னனீங்கள். என்ரை மனுசன் சேந்தன் இப்பவும் அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுறவர். கலியாணத்துக்கு என்னட்டை ஓம் வாங்க அவருக்கும் அவ்வளவு காலம் எடுத்ததாம்.

பிறகு அந்த முதல் கூட்டம். லிஃப்ட்டைப் பற்றி ஏதோ கதைக்கப்போய், நொர்ஸ்கிலை அதுக்கு முன்னாலை போடுற சின்னச் சொல்லைப் பிழையாப் போட்டிட்டன். பின்னாலை இருந்து ஒருத்தர் சிரிச்சார். எனக்கு நிலம் வெடிச்சு உள்ளை போயிடலாம் போலை இருந்தது. நீங்கள் என்ன செய்தனீங்கள்? கூட்டம் முடியுமட்டும் அதே பிழையோடையே லிஃப்ட், லிஃப்ட் எண்டு கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். நான் வீட்டை போய் நீங்கள் எழுதின பழைய கடிதத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சனான், உங்களுக்குச் சரியான சொல்லு தெரியும் எண்டு. மறந்துபோனியளோ? நான் மறக்கேல்லை.

அதாலைதான் உங்களோடை கோவிக்க எனக்கு வாய் வராது. ஆனா அண்ணை, இந்தப் பனிக்காலம் லிஃப்ட் பழுதாய்க் கிடந்ததே. வேண்டாம், சொல்ல விடுங்கோ. ஏழாம் மாடி அருளானந்தன் ஐயா பிடிச்சுத் தள்ளி நடக்கிற வண்டிலோடை கதவடியிலை வந்து நிண்டு, லிஃப்ட்டைப் பாத்திட்டுத் திரும்பிப் போவார். பேத்தியின்ரை சாமத்தியவீட்டுக்கும் போகேல்லை. மகன்மார் கதிரையிலை வைச்சு இறக்குவம் எண்டு கேக்க, தூக்கிக்கொண்டு போறது ஒருக்காக் காணும், அது வரேக்கை வரட்டும் எண்டு சொன்னவராம். அந்தக் காணும் உண்மையான காணும்.

நான் லிஃப்ட் திருத்துற வேறை கொம்பனி ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு உங்களிட்டை வந்தனான். பாப்பம் எண்டு சொன்னனீங்கள். பேந்தும் வந்தனான். அவசரப்படாதை, பழைய கொம்பனிக்காரனோடை முகம் முறிக்கக் கூடாது எண்டனீங்கள். ஓம், நீங்கள் ஆரோடையும் முகம் முறிக்க மாட்டியள், அதுக்காகத்தான் எல்லாருக்கும் உங்களிலை விருப்பம். எனக்கும்தான். ஆனா படியாலை இறங்கி வரேக்கை எனக்குள்ளை ஒண்டு சொல்லிச்சு, நான் எண்டால் செய்திருப்பன் எண்டு. சொன்னதும் பயந்துபோனன். கோயிலுக்குள்ளை செருப்போடை போன மாதிரி இருந்தது.

அதுக்குப் பிறகுதான் பெரித் எனக்கும் எடுத்தவ.

ஓம், எனக்கும். தக் அண்ணை, நன்றி. இல்லை, கை தராதேங்கோ, பொறுங்கோ. நான் உடனை ஓம் எண்டு சொல்லேல்லை, யோசிச்சுச் சொல்லுறன் எண்டுதான் சொன்னனான். ஒரு கிழமையா நித்திரை இல்லை. சேந்தன் சொல்லுறார், ஏனப்பா பயப்பிடுறீர், வீட்டிலை எங்களை எல்லாம் ஆட்டிப் படைக்கிறீர்தானே எண்டு. நான் வேலை செய்யிற பார்ணஹாகனிலை, அந்தச் சின்னப் பிள்ளையளின்ரை பள்ளியிலை, என்ரை மேலதிகாரி, உன்னைப் போலை வந்த பொம்பிளையளுக்குத் தன்னம்பிக்கைதான் குறைவு, வேறை ஒரு குறையும் இல்லை எண்டு ஒரு வகுப்புக்கே அனுப்பினவ. நெஞ்சை நிமித்தி நிக்கவேணுமாம். கதைக்க முதல் மூச்சை உள்ளை எடுக்கவேணுமாம். எல்லாரும் மருந்து தருகினம் அண்ணை. வருத்தம்தான் வேறை.

உதவித் தலைவரோ? இல்லை, அப்பிடி நான் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லுறியள். உங்களுக்குக் கீழை எண்டால் எனக்கு ஏன் நித்திரை வராமல் போகுது? வந்து தேத்தண்ணி குடிச்சுச் சிரிச்சுப்போட்டுப் போயிருப்பனே.

ஓம்.

ஓம் அண்ணை, அதுக்குத்தான். தலைவருக்குத்தான், நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

கோட்டை ஏன் திருப்பி அலுமாரிக்குள்ளை வைக்கிறியள்? என்னை ஏசினாலும் பரவாயில்லை. இல்லை, நீங்கள் சொல்லுறது சரி, நீங்கள்தானே இளம் ஆக்கள் வரட்டும் எண்டு சொன்னனீங்கள். உங்கடை வாயாலை சொன்னதைத்தானே அவையும் கேட்டவை. அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். குளிக்கேக்கையும் சொல்லுறன், பஸ்ஸிலையும் சொல்லுறன். சரி எண்டால் ஒருக்காச் சொன்னாக் காணும், இவ்வளவு தரம் சொல்லத் தேவையில்லை.

அப்பிடிப் பாக்காதேங்கோ. உங்களுக்காக நான் கவலைப்படுறது ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத மாதிரித்தான், எனக்கே விளங்குது. ஆனா கவலை உண்மை. நீங்கள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் கெஞ்சுவினம் எண்டு நினைச்சுக்கொண்டு, பேச்சையும் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு அங்கை வந்து இருக்கிறதை நினைக்க எனக்கு ஏலாமல் போச்சு. அதாலைதான் கதிரையைப் போட்ட கையோடை ஓடி வந்தனான். தெரிவுக் குழுக்காரர் கூட்டத்திலைதான் பேரை வாசிப்பினம். அதுக்கு முதல் நீங்கள் என்னட்டை இருந்து கேக்கவேணும்.

இன்னும் ஒண்டு கிடக்கு. இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததிலை பிரயோசனம் இல்லை.

பெரித் நல்ல மனுசி அண்ணை, அவவிலை பிழை இல்லை. எனக்கு எடுத்த அண்டைக்கு அவ கேட்டவ, யோகலிங்கம் வேண்டாம் எண்டு சொன்னவர், ஆனா ஒரு மாதிரிச் சிரிச்சுக்கொண்டு சொன்னவர், அது உங்கடை ஆக்களின்ரை ஏதும் பழக்கமோ, நான் ஒருக்காத் திருப்பி எடுத்துக் கேக்கவோ எண்டு. நீயும் தமிழ் எண்டபடியாலை உன்னட்டைக் கேக்கிறன் எண்டவ.

ஓம், கேட்டவ. பாவம், அவவுக்கே ஐமிச்சம்.

நான் சொன்னனான், யோகலிங்கம் ஒண்டு சொன்னால் அதைத்தான் நினைச்சுச் சொல்லியிருப்பார், திருப்பிக் கேக்கத் தேவையில்லை எண்டு.

நாக்குத் தவறிச் சொல்லேல்லை அண்ணை. எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் என்னட்டை மூண்டு தரம் வந்தனீங்கள். நான் பெரித்தை உங்களிட்டை ரண்டாந் தரம் வர விடேல்லை. நொர்ஸ்கிலை ஒரு மனுசனைப் பற்றி அதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை, சொல்லுறதைத்தான் நினைக்கிறவர் எண்டது. பெரித் சந்தோசப்பட்டவ. போனை வைச்சிட்டு நானும் சந்தோசப்பட்டனான். கொஞ்ச நேரம்தான், ஆனாப் பட்டனான். அதைத்தான் என்னாலை தாங்க முடியேல்லை.

விலகுறதோ? அதையும் யோசிச்சனான். இப்பவும் ஒரு போன் எடுத்தாக் காணும், பெரித் உங்கடை பேரை எழுதிப்போடுவா. நீங்கள் கேட்டால் செய்வன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் உங்கடை படி ஏறினனான். பெல் அடிக்கேக்கைதான் தெரிஞ்சுது, செய்ய மாட்டன் எண்டு. நாளைக்குக் காலமை அந்த லிஃப்ட்டுக்காரனுக்கு என்ன சொல்லுறது எண்டும் யோசிச்சு வைச்சிட்டன். மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. கேட்டால் நீங்கள் மன்னிச்சுப்போடுவியள், அது இன்னும் கேவலம்.

நான் வெளிக்கிடுறன், நேரமாகுது. அக்காவிட்டை நீங்களே சொல்லுங்கோ, என்னாலை ஏலாது. கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்கோ, கோட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ. ஒண்டே ஒண்டுதான். தலைவர் எண்டு வாசிக்கேக்கை வழக்கமா நீங்கள் பேருக்கு முதலே எழும்பிப்போடுவியள். இண்டைக்கு எழும்பாதேங்கோ அண்ணை. நான்தான் எழும்பவேணும்.