ரெண்டு சீட்டுக் கார்

“எங்க வீட்டுக் கார்ல நான் நேத்துதான்ட்டி மொத தடவ உக்காந்தேன். அத விக்கும்போது.”

முக்கூடல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் தங்கையிடம் சொன்னாள். போன வருஷம் இறந்த கணவர் கொழும்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இத்தாலிக் காராம். ரேஸ் கார் மாதிரி, ரெண்டே சீட்டு.

“அத்தான் ஒன்ன ஏத்தினதே இல்லியாக்கா?”

“ஒருக்க கேட்டேன். தலையெண்ண சீட்டுல ஒட்டும்னுட்டாவோ. பொறவு நான் கேக்கல.”

வாங்க வந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், பழைய கார் என்றால் உயிரை விடும் கூட்டாளிகள் இருவர்.

“அடியில படுத்துப் பாத்துட்டு, புதுசு கணக்கா இருக்குன்னாவோ. நான் இதுல ஏறினதே இல்லன்னேன். வாங்குத தம்பி கதவத் தொறந்து, ‘ஏறுங்கம்மா’ன்னான். ஆத்துப் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போனான்.”

“எப்படி இருந்துச்சு?”

“காத்து மூஞ்சில அடிக்கவும் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. பாலத்துல வச்சு அழுதுட்டேன். இத எனக்குக் காட்டாமலே போய்ட்டாவோளேன்னு.”

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திரும்பி வந்தா, கூட வந்த அந்தத் தம்பி பொண்டாட்டி வாசல்ல, ரயிலடியில பிடிச்ச டாக்சிக்குள்ள வேர்த்துப்போய் இருக்கா. ‘இவள ஏத்திட்டுப் போனாத்தான் சாவி தருவேன்’னுட்டேன்.”

“ஏத்தினானா?”

“ஏத்தாம? கோயம்புத்தூர் வரைக்கும் அவதான் பக்கத்துல. கூட்டாளிதான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினான்.”