மூடியின் மேல் ஏழு விளக்குகள்

"செல்வி, தள்ளிப் போ. கண்ணாடி விழுது."

சேகர் கத்துகிறார். நான் நகரவில்லை. மாலை நான்கு மணி இருபத்தைந்து நிமிடம். ஜன்னல் கதவு சுவரில் மோதித் திரும்புகிறது. டமார். மறுபடியும் டமார். தெருவில் எவர் வீட்டுத் தகர ஷீட்டோ பிய்ந்து இழுபடுகிறது. அந்தக் கிறீச் இன்றும் என் பல்லில் கூசுகிறது. சாரல் நேராக உள்ளே அடிக்கிறது. மீன்தொட்டியின் கண்ணாடி மூடிமேல் விழுகிறது. டக். சின்னச் சத்தம். மூடி இரண்டாகப் பிளக்கிறது. மூடியின் மேல் எரிந்துகொண்டிருந்த ஏழு அகல் விளக்குகளும் எண்ணெயோடு தண்ணீருக்குள் போகின்றன. நான் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறேன்.

என் பெயர் செல்வி. வயது நாற்பத்து மூன்று. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சேகர் என் கணவர். ஆட்டோ ஓட்டுகிறார். இது ஒரு போரின் கதை. போர் என்றால் பீரங்கி வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அன்று என் வீட்டுக்குள் ரத்தம் சிந்தியது. உயிர்கள் போயின. உள்ளே இருந்தவள் நான். பார்த்ததையும் செய்ததையும் சொல்கிறேன்.

கார்த்திகை தீபம் முடிந்து மூன்றாம் நாள். ஞாயிறு. புயல் கரையைக் கடக்கிறது என்று காலையிலிருந்து டிவியில் ஒரே பாட்டு. மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்திருக்கும். எங்களுக்கு மலையே தெரியவில்லை. மேகம் தெருமுனை வரை இறங்கிவிட்டது.

தொட்டி நான்கடி நீளம். அதில் ஒரு ஜோடி டிஸ்கஸ். தட்டு மாதிரி வட்ட மீன்கள். பெண் மஞ்சள், ஆண் நீலம். மஞ்சா, நீலா என்று கூப்பிடுவேன். பத்து ரூபாய் நாணய அளவில் வாங்கி வந்து மூன்று வருடம் வளர்த்தேன். ஆறு முறை முட்டையிட்டார்கள். ஆறு முறையும் தங்கள் முட்டையைத் தாங்களே தின்றார்கள். "உன் மீனுங்களுக்கு டிபன் ஜாஸ்திடி" என்று ஆபீசில் கேலி. ஏழாவது முறை பொரித்தது. எண்பது குஞ்சுகள் இருக்கும். ஊசிமுனை அளவு. இந்த இனத்தில் குஞ்சுகள் அம்மா அப்பாவின் தோலில் ஊறும் வழவழப்பைத்தான் தின்னும். இரண்டு தட்டுகளைச் சுற்றிலும் எண்பது புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நீந்தும். அன்றோடு ஐந்து நாள். இன்னும் பத்து நாள் தாண்டினால் பிழைத்துவிடும். அந்தப் பத்து நாள் தவிர எனக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சாப்பிடக்கூட மறந்தேன்.

அவற்றுக்கு இரண்டு விஷயம் வேண்டும். தண்ணீரில் காற்று. தண்ணீரில் சூடு. இரண்டும் கரண்ட்டில் வருகிறது.

பதினொன்று இருபது. டிரான்ஸ்பார்மர் வெடிக்கிறது. முதலில் நீல வெளிச்சம். பிறகு டொம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஃபேன் நிற்கிறது. இன்வெர்ட்டர் க்ளிக் என்று மாறுகிறது. ஏர் பம்ப் மறுபடி உறுமுகிறது. குமிழிகள் ஏறுகின்றன. நான் மூச்சு விடுகிறேன். தெர்மாமீட்டர் இருபத்தொன்பது.

இன்வெர்ட்டர் பிளக் மேல் சேகர் மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். ஹீட்டர் கூடாது. பழைய பேட்டரி. ஏர் பம்ப் மட்டும் போட்டால் இரண்டு நாள் தாங்கும் என்பது அவருடைய கணிப்பு. வண்டிக்காரர் கணிப்பு தப்பாது. எழுத்தும் பெரிசு. எனக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு பத்து. தெர்மாமீட்டர் இருபத்தேழரை. அறையே ஐஸ்பெட்டியாகிவிட்டது. குஞ்சுகள் மந்தமாகின்றன. சில மஞ்சாவின் உடம்பை விட்டு நழுவுகின்றன. சேகர் மொட்டை மாடியில் தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்த இலைகளை அள்ளிக்கொண்டிருக்கிறார். நான் ஹீட்டர் பிளக்கை எடுத்தேன். இன்வெர்ட்டரில் செருகினேன். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். உலகத்தில் எல்லா நாசமும் இந்த நினைப்பில்தான் தொடங்கும் போலிருக்கிறது.

பன்னிரண்டு ஐம்பது. கீ. கீ. கீ. இன்வெர்ட்டர் அலறுகிறது. மாடிப்படியிலிருந்து சேகர் குரல்.

"ஹீட்டரப் புடுங்கு. செல்வி, புடுங்கு."

பிடுங்கினேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் செத்தது. பம்ப் நின்றது. குமிழி நின்றது. அந்த நிசப்தம் எனக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்ததைவிடப் பயமாக இருந்தது. மஞ்சா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

சேகர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து நின்றார். மார்க்கர் எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார். நான் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். காற்று கலக்கட்டும் என்று. தோள் கழன்றது. இருபது நிமிடம் கழித்துத் தன் ஆட்டோ பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மழைக்கோட்டைத் தன் மேல் போடாமல் பேட்டரி மேல் சுற்றியிருந்தார்.

"இதுல பம்ப் மட்டும் ஓடும். ஹீட்டரு பக்கம் கை போச்சுனா அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார்.

"போவாதுங்க" என்றேன்.

ஒன்று முப்பத்தைந்து. அதை இன்வெர்ட்டரில் மாட்டினார். பம்ப் உறுமியது. காற்று வந்துவிட்டது. சூடு மட்டும்தான் பாக்கி.

சூட்டுக்கு வழி சொன்னதும் அவர்தான். காஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டிலில் நிரப்பித் தொட்டியில் மிதக்கவிடு என்றார். செய்தேன். இருபத்தாறு. மெல்ல இருபத்தாறரை. குஞ்சுகள் திரும்பி ஒட்டின. அழுகை வந்தது. அழுதேன். மூன்று ஐந்துக்கு அடுப்பு பக் என்றது. நீலச் சுடர் மஞ்சளாகி அணைந்தது. சிலிண்டர் காலி. அடுத்தது புக் செய்து வரவில்லை. பக்கத்து வீட்டில் கரண்ட் அடுப்பு. மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவைத் தாண்ட முடியாது. புங்கமரம் விழுந்து குறுக்கே கிடக்கிறது. அதன் கீழே எங்கள் தெரு நாய் ஒன்று. முன்கால் மட்டும் வெளியே தெரிந்தது. அசையவில்லை.

மூன்றரை. இருபத்தைந்து. பூஜை அலமாரியில் தீபத்துக்கு ஏற்றிய அகல்கள் அடுக்கியிருக்கின்றன. டின்னில் கால் பங்கு எண்ணெய். எங்கள் ஊரில் இருட்டென்றாலும் குளிரென்றாலும் கை முதலில் அகலைத்தான் தேடும். ஏழு விளக்குகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் வரிசையாக வைத்தேன். காம்பவுண்டுச் சுவரில் வைக்கிற மாதிரியே.

"மேல வச்சா தண்ணி எப்டி சூடாவும்? சூடு மேலதான போவும். கண்ணாடி வேற" என்றார் சேகர்.

"கொஞ்சமாச்சும் ஏறும். நீங்க சும்மா இருங்க" என்றேன்.

சும்மா இருந்தார். இருபது வருடமாக நான் அப்படிச் சொன்னால் சும்மா இருந்துவிடுவார். அன்றைக்காவது சும்மா இருக்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் விளக்குகள் எரிந்தன. தண்ணீர் கால் டிகிரி ஏறவில்லை. கண்ணாடி மட்டும் தொட முடியாமல் சுட்டது. நான்கு இருபத்தைந்துக்கு ஜன்னல் கொக்கி பிய்ந்தது. சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த சாரல்.

டக்.

மூடியின் ஒரு பாதி கத்திபோல் நேராக இறங்குகிறது. மஞ்சா அதன் கீழே இருக்கிறாள். நகரவில்லை. குஞ்சுகள் ஒட்டியிருக்கும்போது அவர்கள் வேகமாக நகர்வதில்லை. கண்ணாடி அவளைச் செவுளுக்குப் பின்னால் வெட்டியது. தலைப்பக்கம் ஒன்று, உடல்பக்கம் ஒன்று. வாய் திறந்து மூடியது. இரண்டு முறை. பார்த்தேன். குஞ்சுகள் அந்த உடலை விடவில்லை. கீழே இறங்குகிற உடலோடு அவையும் இறங்கின.

மறுபாதி மூடி விளிம்பில் தொங்குகிறது. நேர் கீழே நீலா. சேகர் இடது கையை நீட்டி அதைப் பிடிக்கிறார். வழுக்குகிறது. எண்ணெய். கண்ணாடி அவர் உள்ளங்கையின் ஓரத்தை எலும்பு வரை அறுத்துக்கொண்டு தரையில் விழுந்து சிதறுகிறது. தண்ணீருக்குள் சிவப்பு புகைபோல இறங்குகிறது. மேலே எண்ணெய்ப் படலம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நிதானமாகப் பரவுகிறது. நீலாவுக்கு வெறி பிடித்துவிட்டது. கண்ணாடியில் மோதுகிறான். திரும்புகிறான். வாயைத் திறக்கிறான். தன் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பிக்கிறான்.

சேகர் துண்டைக் கையில் சுற்றினார். துண்டு உடனே நனைந்தது. இன்னொன்று சுற்றினார். போனில் டவர் இல்லை. ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோ வாசலில் நிற்கிறது. அதன் பேட்டரி உள்ளே ஏர் பம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பேட்டரியைக் கழற்றினால் பம்ப் நிற்கும். எண்ணெய் மூடிய தண்ணீரில் பம்பும் இல்லையென்றால் மிச்சக் குஞ்சுகள் அரை மணி தாங்காது. நான் பேட்டரியைப் பார்த்தேன். அவர் கையைப் பார்த்தேன். மறுபடி பேட்டரியைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"சரி, புள்ளைங்கள எடுத்துடு. நான் இருக்கேன்" என்றார்.

அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ட்யூபால் உறிஞ்சி உறிஞ்சிக் குஞ்சுகளை ஒரு எவர்சில்வர் குண்டானுக்கு மாற்றினேன். நீலாவின் வாய்க்கு முந்திக்கொண்டு. ஒவ்வொன்றாக. பம்ப் குழாயின் முனையில் குமிழி விடும் காற்றுக்கல்லை எடுத்துக் குண்டானில் போட்டேன். வாயெல்லாம் எண்ணெயும் ரத்தமும் கலந்த தண்ணீர். சேகர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். முழங்கை வழியாகத் தரையில் சொட்டியது. டப். டப். நடுவில் ஒருமுறை, "எத்தினி ஆச்சு?" என்று கேட்டார்.

"முப்பது" என்றேன்.

"பரவால்ல. எடு."

முப்பத்தெட்டு எடுத்தேன். பிறகுதான் பேட்டரியைக் கழற்றி, அவர் சொல்லச் சொல்ல ஆட்டோவில் மாட்டினேன். மணி ஐந்து.

ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கையில். அவருடைய இடது கை உதவாது. எனக்கு ஓட்டத் தெரியாது. டிரைவர் சீட்டில் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் வலது கையால் திருப்புகிறார். நான் இடது பிடியை இறுக்கிக் கியர் மாற்றுகிறேன். மழை கண்ணில் அறைகிறது. மரம் விழாத பக்கமாகச் சந்துக்குள் நுழைகிறோம். அறுந்த ஒயர் தொங்குகிறது.

"புடி. திருப்பு. வுடு. மெதுவா வுடு. புடி, புடி."

எதிரே ஒரு விளம்பரப் பலகை பறந்து வந்து எங்கள் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை. நான் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா துண்டைப் பிரித்தார். "இன்னா ஆச்சுங்க? எப்போ ஆச்சு?"

"காத்துல கண்ணாடி விழுந்துடுச்சிங்க. இப்பதான்" என்றார் சேகர்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஊர் முழுக்க இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். ஆபீசில் கேட்டவர்களிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். காற்றுக்கு வாய் இல்லை. அது வந்து மறுக்கப்போவதில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

திரும்பி வந்தபோது ஏழு ஆகியிருந்தது. குண்டானில் அசைவில்லை. அடியில் அரிசிக் குருணைபோல வெள்ளையாகப் படிந்து கிடந்தன. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள ஓர் உடம்பு வேண்டும். காற்று வேண்டும். சூடு வேண்டும். நான் எவர்சில்வரைக் கொடுத்திருந்தேன். தொட்டியில் ஒரு குஞ்சுகூட இல்லை. நீலா மட்டும் மூலையில் கருத்துப் போய் நின்றான். அவன் பிழைத்தான். இன்னும் இருக்கிறான். இன்னொரு பெண் மீனை விட்டுப் பார்த்தேன். கொத்தித் துரத்திவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை கரண்ட் வந்தது. சுவர் பிளக்கில் மறுபடி செருகி வைத்திருந்த ஹீட்டரின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. அதை அடித்து உடைத்தேன். சேகர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒற்றைக் கையால் கூட்டினார்.

இப்போது தினமும் காலையில் என்னை அவர்தான் ஆபீசில் இறக்கிவிடுகிறார். நான் பின்சீட்டில். கிளட்சை அவர் இறுக்கும்போது நான்கு விரல் மடங்குகிறது. சுண்டுவிரல் மடங்குவதில்லை. நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது. நரம்பு அறுந்துவிட்டது, தைத்தும் சேரவில்லை என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருந்தால் சேர்ந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சேகரும் கேட்கவில்லை. அவர் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

போனவை இவை.

மஞ்சா. மூன்று வயது.

குஞ்சுகள் எண்பது. நாற்பத்திரண்டை அப்பன் தின்றான். மிச்சத்தை நான் காப்பாற்றினேன் என்று நினைத்தேன்.

புங்கமரம் ஒன்று. அதன் கீழே தெரு நாய் ஒன்று. அதற்குப் பெயர் இருந்ததா என்று தெரியவில்லை.

அகல் விளக்குகள் ஏழு. ஏழையும் வைத்தது என் கை.

சேகரின் இடது சுண்டுவிரல்.

நான்கு இருபத்தைந்திலிருந்து ஐந்து மணி வரை, அவர் ரத்தம் சொட்டச் சொட்டக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்த முப்பத்தைந்து நிமிடம்.