சிவப்பு அடுக்கில் ஒரு சாண் விலகல்

என்னைக் கடற்கரையில் டிரோன்காரர் என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தொன்று. துறைமுகச் சாலையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் மனைவியுடனும் அவள் தம்பியுடனும் குடியிருக்கிறேன். கடலோரப் பாறைச்சுவரை டிரோனில் நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைக் கணினியில் பொருத்தி, பாறை அடுக்குகளின் வரைபடம் செய்வது என் தொழில். முப்பது வயதான மச்சினன்தான் என் கூட்டாளி.

திங்கட்கிழமை சுவரின் தெற்குப் பாதியையும் புதன்கிழமை வடக்குப் பாதியையும் படமெடுத்தோம். புதன்கிழமை இரவே பொருத்திப் பார்த்ததில், இரண்டு நாள் படங்களும் சேருமிடத்தில் சிவப்புக் களிமண் அடுக்கு ஒரு சாண் விலகி நின்றது. மச்சினன், "அத்தான், பாறையே நகந்திருக்குமோ?" என்றான். நான், "பாறைக்குக் கால் முளைச்சிருக்கா? போய் வேலையப் பாருடா" என்றேன். வேலை கொடுத்த நிறுவனத்துக்கு மறுநாள் மாலைக்குள் வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும். பொருத்தியதில்தான் பிழை என்று நினைத்து, அந்த இடத்துத் திங்கட்கிழமைப் படங்களை அழித்தேன். கோடு சேர்ந்துவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

அதன்பிறகு வியாழன் காலை, அளவுக்காக வைக்கும் கறுப்பு வெள்ளைப் பலகையைச் சுவரடியில் வைத்து வர மச்சினனை அனுப்பினேன். சுவரருகே கட்டியிருந்த எச்சரிக்கைக் கயிற்றைத் தாண்டி அவனாகப் போனான் என்று நிறுவனத்தார் சொல்வது பொய். நான்தான், "இன்னும் உள்ள தள்ளி வை" என்று கை காட்டினேன். அவன் குனிந்தபோது சுவர் சரிந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி, "அவன் முன்னாடியே சொன்னானாமே?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

இன்று சனிக்கிழமை மதியம், அதே வராந்தாவில் மடிக்கணினியைத் திறந்து அழித்த படங்களை மீட்டேன். அவற்றின் ஓரத்தில், மக்கள் கடற்கரைக்கு இறங்கும் வடக்குப் படிக்கட்டும் இருந்தது. புதன்கிழமைப் படத்தோடு வைத்துப் பார்த்தால் அதன் அடியிலும் அதேபோல் ஒரு விலகல், நான்கு விரற்கடை. ஓடிப்போய்ச் சொன்னதற்குக் கடற்கரைக் காவலாளி, "ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க, மூடுறேன்" என்றார். இங்கே ஸ்டேஷனில் அதிகாரி, "முதல்ல வாக்குமூலம், மத்தது அப்புறம்" என்றார். நாற்பது நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். நாலு மணிக்குமேல் அந்தப் படிக்கட்டில் குழந்தை குட்டியோடு கூட்டம் இறங்கும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, எதிலும் பொய்யில்லை. என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். இப்போது மணி மூன்று ஐம்பது. படிக்கட்டு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

(கையொப்பம்)