ஏழாவது கட்டத்தில் எஃப் ஷார்ப்

உங்கள் மேசையில் ஒரு கால் குட்டை. காகிதத்தை மடித்து அடியில் வைத்தால் ஆடாது.

பியானோ வாசிப்பவர்களுக்காக ஒரு பாடப் புத்தகம் எழுதியிருக்கிறேன். ஏ மைனரில் ஒரு பழைய ஜாஸ் பாட்டு, தாளக் கணக்கில் முப்பத்திரண்டு கட்டங்கள். எந்தக் கோர்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் எந்தச் சுரக்கூட்டு, ஏன் வருகிறது என்ற விளக்கம். பதினொரு வருடமாக என் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

ஏழாவது கட்டத்தில் இரண்டாம் கோர்டு வரும். பி, டி, எஃப், ஏ என்று நான்கு சுரங்கள். எல்லோரும் எஃப் வாசிப்பார்கள். நான் அதை ஒட்டிய கறுப்புக் கட்டையை, எஃப் ஷார்ப்பைப் போட்டேன். மெலடிக் மைனர் என்ற சுரவரிசையில் அதற்கு இடம் உண்டு. இரண்டு பக்கம் நியாயம் எழுதியிருக்கிறேன்.

என் மனைவி காதால் கற்றவள். மறுபதிப்பு அச்சுக்குப் போகவிருந்த நாள் காலையில் முதல் தடவையாக வாசித்துப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த எடத்துல பல்லுல கல்லு மாட்டுன மாதிரி இருக்கு. பாடுறவங்க எஃப்தானே பாடுறாங்க?"

கோர்டுகளை ஆராய்ந்தபோது நான் மெட்டைப் பார்த்திருக்கவில்லை.

அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஸ்பீக்கரில் கேட்டார்: "மாப்ளே, பதினோரு வருஷமா காதை வாடகைக்கு விட்டிருந்தீங்களா?"

அவள் சிரித்தாள். ஆஸ்துமாக்காரி, அதிகம் சிரித்தால் மூச்சு இழுக்கும். அன்றும் இழுத்தது.

நான் போனை அணைத்தேன். இன்ஹேலர் பியானோவின் தாள் தாங்கியில் இருந்தது. புத்தகத்தை விரிக்க இடம் வேண்டுமே என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் கையை நீட்டினாள்.

"முதல்ல புத்தகத்துல இருக்கிறபடி வாசி," என்றேன்.

நான்கு முறை வாசித்தாள். நான்கு முறையும் எஃப். நான் குரலை உயர்த்தவில்லை.

"இன்னொரு தடவை."

"குடுங்க... அப்புறம்..." என்றாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மருத்துவர் கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்கிறார். எனக்கு அவ்வளவு தோன்றவில்லை.

இன்ஹேலர் கடைசிவரை என் பையில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று நேற்று சொன்னது பொய். எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் அண்ணனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் கட்டைகள்மேல் சரிந்ததும் நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நடுவிரலுக்குக் கீழே அமுங்கியிருந்தது எஃப் ஷார்ப். கடைசியில் அவளே ஒப்புக்கொண்டாள்.