மருந்தைப் பார்க்காத வம்சம்

தம்பி: கதவைச் சாத்திட்டுப் பேசலாமாக்கா?

அக்கா: சாத்தேன். இப்ப என்ன, பறந்து போறதுக்கு இங்க ஏதாவது இருக்கா?

தம்பி: முன்னாடியெல்லாம் ரெண்டு கதவையும் சாத்தினாத்தான் உள்ளயே விடுவ. ஒரு கொசு வெளிய போச்சுன்னா என்னையே போய்ப் பிடிச்சுட்டு வரச் சொல்லுவ.

அக்கா: அப்ப கொசு இருந்துச்சு.

தம்பி: இப்ப...

அக்கா: இப்ப நீதான் இருக்க. உட்காரு. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாப் போட்டுக்கோ. சுகாதாரத் துறையில யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கெல்லாம் நிதி ஒதுக்கற அதிகாரிக்கு எங்ககிட்ட இதைவிட நல்ல ஆசனம் கிடையாது. நீங்க குடுத்தாத்தானே நாங்க வாங்குவோம்.

தம்பி: வந்ததும் ஆரம்பிச்சுட்டியா.

அக்கா: நீ எதுக்கு வந்த, அதைச் சொல்லு. வேலை நாளும் அதுவுமா, மத்தியானத்துல, அக்காவைப் பாக்கணும்னு தோணிடுச்சாக்கும்.

தம்பி: ஏன், தோணக் கூடாதா?

அக்கா: தோணலாம். பொறந்தநாளையே போன்ல முடிச்சுக்கற ஆளுக்குத் தோணுதேன்னுதான் ஆச்சரியமா இருக்கு.

தம்பி: இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு... கூண்டெல்லாம் ஏன் கவுத்து வெச்சிருக்க?

அக்கா: கழுவி வெச்சிருக்கேன். அடுத்து வர்றவங்க எலி வளர்க்கறதுன்னா வளர்க்கட்டும்.

தம்பி: அக்கா...

அக்கா: என்னடா?

தம்பி: நிஜமாவே எல்லாத்தையும் அழிச்சுட்டியா?

அக்கா: நிதியை நிறுத்தியாச்சு, கொசு வளர்ப்பை மூடு, இருக்கறதை அழின்னு ஆர்டர் வந்துச்சு. 'ஆணைப்படி அழிக்கப்பட்டது'ன்னு அறிக்கை அனுப்பினேன். படிக்கலையா?

தம்பி: படிச்சேன். அறிக்கையில எழுதறது வேற. இங்க நம்ம ரெண்டு பேர்தான இருக்கோம்.

அக்கா: ஓ... வேவு பாக்க அனுப்பிச்சாங்களா?

தம்பி: சே. நீ சின்ன வயசுலேர்ந்து யார் சொல்லிக் கேட்டிருக்க? அப்பா கொண்டுபோய் விடச் சொன்ன பூனைக்குட்டியை பீரோவுக்குப் பின்னாடி வெச்சு வளர்த்தவதானே. வீடே தேடுச்சு. நீ ஒண்ணும் தெரியாத மாதிரி ரெண்டாவது டம்ளர் பால் கேட்டுக்கிட்டிருந்த.

அக்கா: பூனைக்குட்டியும் கொசுவும் ஒண்ணா?

தம்பி: உனக்கு ஒண்ணுதான். சரி, இந்த ரூம் ஏன் இவ்வளவு வெக்கையா இருக்கு? ஹீட்டர் ஓடுது, ஈரத்துணி தொங்குது... கொசுவுக்குத்தானே இந்தச் சூடும் ஈரமும் வேணும்? மாட்டினியா.

அக்கா: காலையில வந்ததும் கை தானா அந்த ஸ்விட்சுக்குப் போயிடுது. சாயங்காலம் அணைச்சுட்டுப் போறேன். வேற ஒண்ணுமில்ல.

தம்பி: அந்த முழுக்கையைக் கொஞ்சம் மடிச்சு விடு.

அக்கா: என்னடா இது, திருடனைப் பிடிச்ச மாதிரி.

தம்பி: கூண்டுக்குள்ள கையை விட்டு உன் ரத்தத்தைக் குடுத்துத்தானே வளர்த்த. காட்டு... இதோ, தழும்பு.

அக்கா: பழசுடா. வருஷக்கணக்கா வாங்கின கடி, அவ்வளவு சீக்கிரம் போயிடுமா? எங்க போனாலும் என்ன வியாதின்னு கேக்கறாங்க.

தம்பி: உள்ள அந்தச் சின்ன ரூம்ல?

அக்கா: உடைஞ்ச நாற்காலி. போய்ப் பாரு, நான் தடுக்கல.

தம்பி: ...

அக்கா: பாத்தாச்சா?

தம்பி: நாற்காலிதான் இருக்கு. அப்ப வீட்டுக்குக் கொண்டு போயிட்டியா?

அக்கா: நல்லாச் சொன்ன. பால்கனியில ஒண்ணு பறந்தாலே உங்க மாமா கொசு அடிக்கற பேட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாரு. கொசு ஆராய்ச்சி பண்றவளைக் கட்டிக்கிட்டும் அந்த மனுஷன் மாறல.

தம்பி: விளையாடாதக்கா.

அக்கா: நீ ஏன்டா இப்படித் துருவற? இருந்தா என்ன பண்ணுவ? பொய் அறிக்கை குடுத்தேன்னு என்னை வேலையை விட்டுத் தூக்குவீங்க, அதானே?

தம்பி: இருந்தா... உன் கால்ல விழுவேன்.

அக்கா: என்னது?

தம்பி: இன்னும் வெளிய சொல்லல, நீயும் யார்கிட்டயும் சொல்லாத. அந்தக் கொசுக் காய்ச்சல் திரும்ப வந்துடுச்சு.

அக்கா: எங்க?

தம்பி: ஆத்தோரக் குடியிருப்புல. ஆஸ்பத்திரியில படுக்க இடமில்ல. தெருத்தெருவா மருந்து அடிச்சாச்சு, கொசு சட்டையே பண்ணல. வித்தவன், 'என் மருந்து சுத்தம், உங்க கொசுதான் மருந்துக்குப் பழகித் தேறிடுச்சு'ங்கறான். எங்காளுங்க, 'மருந்தே போலி'ங்கறாங்க. வேற மருந்துக்குப் போறதா, இதையே நல்லதா வாங்கறதான்னு தெரியாம உட்கார்ந்திருக்கோம். நடுவுல புள்ளைங்க...

அக்கா: இதுல என்னடா குழப்பம்? மருந்தையே பாக்காத கொசு மேல அடிச்சா ஒரு நாள்ல தெரிஞ்சுடும். அது செத்தா மருந்து நல்ல மருந்துதான், வெளிய இருக்கறது தேறிடுச்சுன்னு அர்த்தம். சாகலைன்னா மருந்து போலி.

தம்பி: அந்தக் கொசுவைத் தேடித்தான் வந்திருக்கேன். வெளிய எங்கயாவது பிடிச்சா ஆகாதா?

அக்கா: வெளிய இருக்கறதெல்லாம் பாட்டன் காலத்துலேர்ந்து மருந்துலயே வளர்ந்தது. இங்க இருந்தது, எனக்கு முன்னாடி இந்த லேபைப் பாத்துக்கிட்ட சாருக்கும் முன்னாடி இருந்தவர் பிடிச்ச கொசுவோட வம்சம். ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல. அதுக்காகத்தான் இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தினோம். அதைத்தான் நீங்க, 'காய்ச்சலே இல்லாத ஊர்ல கொசுவுக்கு எதுக்குச் சம்பளம்'னு...

தம்பி: தெரியும்.

அக்கா: காய்ச்சல் இல்லாதப்ப வளர்த்தாத்தான்டா வர்றப்ப கையில இருக்கும்.

தம்பி: தெரியும்க்கா. இப்ப சொல்லு, முட்டையாவது இருக்கா? காகிதத்துல ஒட்ட வெச்சு, காயவெச்சு எடுத்து வெப்பியே... மாசக்கணக்குல கெடாதுன்னு நீதான சொன்ன.

அக்கா: அதையும் எரிச்சுட்டேன்.

தம்பி: வெளிநாட்டு லேப்ல கேட்டா?

அக்கா: குடுப்பாங்க. வந்து சேர்ந்து, பொரிஞ்சு, பெருகறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சுடும்.

தம்பி: பொய் சொல்ற. எங்கயோ வெச்சிருக்க. உனக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன், வேணும்னா எழுதியே தர்றேன்...

அக்கா: டேய், என்னைப் பாரு. கூண்டு கூண்டா ஃப்ரீஸருக்குள்ள வெச்சேன். கூட வேலை பாக்கறவரை வீட்டுக்கு அனுப்பிட்டு நானே வெச்சேன். கதவைச் சாத்தின பிறகும் கொஞ்ச நேரம் ரீங்காரம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. இங்கயே தரையில உட்கார்ந்து அழுதேன். போதுமா?... நீ ஏன்டா அழற?

தம்பி: நான் நினைச்சே பாக்கலக்கா. அந்த ஆர்டர் என் மேஜைக்கு வந்தப்ப நாள் முழுக்க அப்படியே வெச்சிருந்தேன். அக்கா எப்படியும் கேக்க மாட்டா, எங்கயாவது ஒளிச்சு வெச்சுடுவாள்னு நம்பித்தான் கையெழுத்தே போட்டேன்.

அக்கா: கீழ உன் பேரைப் பாத்தேன்டா. நாளைக்கு வெளிய தெரிஞ்சா, அக்காவுக்காகக் கண்டும் காணாம விட்டான்னு உன்னைத்தானே பிடிப்பாங்க... வேற யார் கையெழுத்தா இருந்திருந்தாலும் ஒளிச்சுத்தான் வெச்சிருப்பேன்.